“ஒப்புக்கொண்டுவிடு!”

மோட்டார் வண்டியை அஜாக்கிரதையாக ஓட்டியதாக ஒருவன்மீது போலீஸார் வழக்குத் தொடர்ந்தால், அவனுக்கு முதலில் கிடைக்கும் யோசனை, “குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடு, அபராதத்தைக் கட்டினால் இன்றே முடிந்துவிடும்” என்பதேயாகும். ஸ்டேஷன் வாசலிலும் கோர்ட் தாழ்வாரத்திலும் இதைக் கேட்கலாம். எம் வக்கீல் சகோதரர் சிலரும் இதைச் சொல்லுகின்றனர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். பிறர் லாரியை ஓட்டிப் பிழைக்கும் சம்பளக்காரனுக்கோ இது யோசனையன்று, முதலாளியின் உத்தரவு. அபராதத்தை முதலாளி கொடுத்துவிடுகிறார். குற்றவாளி என்ற பெயர் ஓட்டினவனைச் சார்கிறது.

அத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறதா? 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவுப்படி, மனித உயிருக்கு அபாயம் நேரும்படி பொது வீதியில் வண்டி ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய பீனல் கோடின் 279-வது பிரிவே இது. மரணம் நேர்ந்தாலோ நிலைமை வேறு. 1870-ல் சேர்க்கப்பட்ட 304-ஏ பிரிவில் இரண்டு வருஷமே உச்ச வரம்பு. அபராதம் மட்டும் விதிக்கவும் இடமிருந்தது. புதிய 106-வது பிரிவோ ஐந்து வருஷம் வரை சிறைவாசத்துடன் அபராதமும் என்கிறது. போலீஸுக்கோ மாஜிஸ்ட்ரேட்டுக்கோ அறிவிக்காமல் ஓடிப்போகிறவனுக்குப் பத்து வருஷம் என்ற அதன் உட்பிரிவு, 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பின், மற்றவற்றுடன் அமுலுக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டது.

சிறிய வழக்குகள் அபராதத்தோடு தீர்வது உண்மையே. ஆனால் தண்டனை ஏற்பட்டவுடன், 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 20-வது பிரிவு குறுக்கே வருகிறது. வண்டி சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டிக்கப்பட்டவன் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியற்றவன் என்று, ஒரு காலவரை குறித்துக் கோர்ட் உத்தரவிடலாம். முதலாளிக்கு வேறொரு டிரைவர் அகப்படுவான். லைசென்ஸ் இழந்தவனுக்குச் சோறு எங்கே அகப்படும்?

போராடினால் ஜயமில்லையென்று நினைப்பதும் தவறு. வண்டி “அதிவேகமாக” வந்தது என்று சாட்சி சொன்ன மாத்திரத்தில் குற்றம் ருஜுவாகிவிடாது என்று சுப்ரீம் கோர்ட் 1998-ல், கர்நாடக சர்க்கார் தொடர்ந்த சதீஷ் வழக்கில், தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ருஜுப்பிக்கும் பாரம் சர்க்காருடையது. வாய் திறந்து ஒப்புக்கொண்டவன் அந்தப் பாரத்தைத் தானே இறக்கிவிடுகிறான்.

அடிபட்டவனை வீதியில் விட்டு ஓடுகிறவனுக்கு நாம் பரிந்து பேசவில்லை. அடிபட்டவனுக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வதும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீஸாருக்கு அறிவிப்பதும் 134-வது பிரிவு டிரைவருக்கு விதித்த கடமைகள். மரணம் விளைவித்த டிரைவரிடம் இலகுவாக நடந்துகொள்ளலாகாது என்று 2000-த்தில் தல்பீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியதையும் நாம் முழு மனதுடன் ஏற்கிறோம். மெய்யாகவே தவறியவன் ஒப்புக்கொள்ளட்டும். பிறர் சௌகரியத்துக்காக ஒருவன் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

மாஜிஸ்ட்ரேட்டுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்புதலைப் பதிவு செய்யுமுன், லைசென்ஸ் போகக்கூடும் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அபராதம் கட்டுகிறவர் யார் என்றும் கேளுங்கள். வக்கீல் வைக்க வகையற்றவனுக்கு 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின்படி இலவச வக்கீல் பெற வழியுண்டு என்பதையும் அவன் கூண்டில் நிற்கும்போதே தெரிவியுங்கள்.