பிராண்டன் சில்லர்

பிராண்டன் சில்லர் (பிறப்பு: அக்டோபர் 21, 1982) ஐக்கிய அமெரிக்காவின் என்.எஃப்.எல். போட்டிகளில் விளையாடிய முன்னாள் அமெரிக்கக் காற்பந்து வீரர் ஆவார். இவருடைய தந்தை இந்தியர். இவ்விளையாட்டின் உயர்மட்டத்தை எட்டிய இந்திய வம்சாவளியினர் மிகச் சிலரே.

பெயரில் காற்பந்து இருந்தாலும் இவ்வாட்டத்தில் முட்டை வடிவப் பந்து பெரும்பாலும் கைகளிலேயே கொண்டு செல்லப்படுகிறது. அணிக்குப் பதினொருவர். சில்லர் ஆடியது லைன்பேக்கர் என்னும் தடுப்பாட்ட நிலையில். முன்வரிசைத் தடுப்பாளர்களுக்குப் பின்னே நின்று, பந்துடன் ஓடி வருபவரை வீழ்த்துவதும், எறியப்படும் பந்தைப் பிடிக்க ஓடுபவரை மறிப்பதும் இந்நிலை வீரரின் பணி. உடல் வலுவும் ஓட்டவேகமும் ஒருங்கே தேவைப்படுவதால் காயங்களும் மிகுதி.

லாஸ் ஏஞ்சலசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியில் ஆடிய இவரை, 2004 ஆம் ஆண்டு வீரர் தேர்வின் நான்காம் சுற்றில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. நான்கு பருவங்களுக்குப் பின் 2008 இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் சேர்ந்தார். 2009 இறுதியில் ஒப்பந்தம் நான்காண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால், 2010 பருவத்தின் நடுவே தோள்பட்டைக் காயத்தால் களத்தை விட்டு விலக நேர்ந்தது. அதே பருவத்தின் முடிவில், 2011 பெப்ரவரி 6 அன்று, பேக்கர்ஸ் அணி பிட்சுபர்க் ஸ்டீலர்சை 31–25 என வென்று 45ஆவது சூப்பர் போல் கோப்பையைக் கைப்பற்றியது. இறுதியாட்டத்தில் சில்லர் ஆடவில்லை. சில மாதங்களில், 2011 சூலையில், அணி அவரை விடுவித்தது. அதன்பின் அவர் என்.எஃப்.எல். ஆட்டம் எதிலும் ஆடவில்லை.

அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட 'எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா' அமைப்பின் முதலீட்டாளர்களுள் இவரும் ஒருவர். 2012 இல் அதன் ஆட்டங்கள் கொழும்பிலும் நடைபெற்றன. துடுப்பாட்டம் கோலோச்சும் தெற்காசியாவில் இம்முயற்சி வேரூன்றவில்லை.