டயர் பளபளக்கட்டும்... ஆனால், கழிவு ஆயில் வேண்டாம்!

‘ஆயுத பூஜைக்கு டிராக்டரைக் கழுவி, டயருக்குப் பழைய இன்ஜின் ஆயில் தடவுவது எங்கள் ஊர் வழக்கம். இந்த ஆண்டு டயரின் பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிகின்றன. ஆயில்தான் காரணமா? வேறு என்ன தடவலாம்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பலருக்கும் பயன்படும் கேள்வி என்பதால், விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய பகுதியில், பூஜை முடிந்த கையோடு ஒரு விவசாயி டிராக்டரை எடுத்தார். பக்கவாட்டில் மட்டுமல்லாமல் பட்டன் மீதும் ஆயில் பூசியிருந்தார்கள். வாய்க்கால் மேட்டில் ஏறும்போது பின்சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கி, வண்டி சரிந்து நின்றது. மட்கார்டில் உட்கார்ந்திருந்த அவருடைய மகன் குதித்துத் தப்பினான். அன்றிலிருந்து பூஜைக்காலம் வந்தாலே இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஆயில் என்ன செய்யும்?

டிராக்டர் டயரில் இயற்கை ரப்பர் கணிசமாக இருக்கிறது. டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் அதற்குப் பகை. ரப்பருக்குள் ஊறி, அதை உப்ப வைத்து, மென்மையாக்கி, வலுவைக் குறைத்துவிடும். தடவிய அன்று கரேலென்று தெரியும். கெடுதல் பின்னால்தான் தெரியும். ஷூ பாலிஷ், தின்னர் கலந்த கறுப்பு பெயின்ட் ஆகியவையும் வேண்டாம். பெயின்ட் வெடிப்பை மறைத்துவிடும் என்பது கூடுதல் ஆபத்து. தேங்காய் எண்ணெய் தடவினால் பிசுபிசுத்து, புழுதிதான் அப்பிக்கொள்ளும்.

வெடிப்புக்கு ஆயில் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. வெயில், காற்றிலுள்ள ஓசோன், டயரின் வயது எல்லாமே ரப்பரை வெடிக்க வைக்கும். இதைத் தடுக்க, தயாரிக்கும்போதே ரப்பரில் ஒருவகை மெழுகும் பாதுகாப்பு ரசாயனமும் சேர்ப்பார்கள். சக்கரம் ஓடி வளைந்து கொடுக்கும்போது அவை மேற்பரப்புக்கு வந்து காக்கும். டயரில் தெரியும் பழுப்பு நிறத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதை அழுக்கு என நினைத்துக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். ஓடாமல் வெயிலிலேயே நிற்கும் வண்டியின் டயர் சீக்கிரம் வெடிப்பதும் இதனால்தான்.

பாதுகாப்பாகப் பளபளக்க வைக்கும் முறை

1. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வெயிலில் சூடேறிய டயர் ஆறட்டும்.

2. சேற்றை முதலில் தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிறகு, மிதமான சோப்புக் கரைசலும் நார் பிரஷ்ஷும் போதும். யூரியா, பொட்டாஷ் ஏற்றிய வண்டியானால் ரிம்மையும் நன்றாகக் கழுவுங்கள். உர உப்பு இரும்பை அரித்துவிடும்.

3. துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள்.

4. மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு கலந்து, ஸ்பாஞ்சில் தொட்டு, பக்கவாட்டில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். 15 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மழையில் கரைந்து போகும். ரப்பருக்குக் கெடுதல் இல்லை.

கடையில் வாங்குவதானால், நீர் அடிப்படையிலான டயர் பாலிஷ் என்று கேளுங்கள். பெரும்பாலும் பால் போல வெள்ளையாக இருக்கும். பெட்ரோல் வாடை வீசினாலோ, ‘எளிதில் தீப்பற்றும்’ என்று எழுதியிருந்தாலோ தவிர்த்துவிடுங்கள்.

கார் வைத்திருப்பவர்கள் ஸ்பிரேயை டயரில் நேரடியாக அடிக்காமல், ஸ்பாஞ்சில் அடித்துத் தடவ வேண்டும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. எந்த வண்டியானாலும் பட்டன் மீது எதையும் தடவக் கூடாது. இரு சக்கர வாகன டயருக்குப் பாலிஷே வேண்டாம். வளைவில் சாயும்போது டயரின் ஓரமும் தரையில் படும்.

ஏற்கெனவே ஆயில் பூசியிருந்தால், முதலில் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு சோப்புக் கரைசலால் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் வாய்க்காலிலோ, மாடு குடிக்கும் தொட்டியிலோ கலக்கக் கூடாது.

பளபளப்பைவிட முக்கியம்

கேள்வி கேட்ட வாசகர் செய்ய வேண்டியது இதுதான். மேலோட்டமான மயிரிழை வெடிப்பு என்றால், வண்டியை நிழலில் நிறுத்தி, கவனித்து வாருங்கள். உள்ளே நூல் தெரிந்தாலோ, எங்காவது புடைத்திருந்தாலோ ஓட்டாமல் டயர் கடைக்காரரிடம் காட்டுங்கள். டயரில் பொறித்துள்ள 4 இலக்க எண்ணையும் பாருங்கள். 3221 என்றிருந்தால், 2021-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஷெட்டில் வெல்டிங் வேலை நடந்தால் டிராக்டரைத் தள்ளி நிறுத்துங்கள். வெல்டிங் பொறியில் உண்டாகும் ஓசோனும் ரப்பரைக் கெடுக்கும்.

பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து, பூமாலை போடுங்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது பிள்ளைகள் அருகில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் டின் மட்டும் அன்றைக்கு ஷெட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.