சாவியைக் கொடுக்கும் முன் லைசென்ஸைக் கேளுங்க!



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் காலை நேரத்தில் பார்த்தால் தெரியும். ஷூ கம்பெனி, தோல் கம்பெனிக்குப் போகிற பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காத்து நிற்பார்கள். வீட்டிலே ஒரு வண்டி இருந்தால் எவ்வளவு உதவி! அதற்காகக் குழுக்கடன் வாங்கி மொபெட், ஸ்கூட்டர் எடுக்கிற உறுப்பினர்கள் உண்டு. ஆர்.சி. புத்தகம் அம்மா பேரில். ஆனால் ஓட்டுவது யார்? பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பையன்! "கடைக்குத்தானே போறான்" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். இன்று கடையில் விற்கிற மொபெட், ஸ்கூட்டர் எல்லாம் பெரும்பாலும் 100 சி.சி., அதற்கும் மேல். அவற்றுக்கும் காருக்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, 18 வயது ஆகாத பிள்ளை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரர் மேல்தான் வழக்கு.

* 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.
* வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து.
* அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

விபத்து நடந்தால் இன்னும் கஷ்டம். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கேட்கலாம். வண்டியும் ஓடாது, குழுக்கடன் தவணையும் நிற்காது. யோசித்துப் பாருங்கள்!

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் 15, 16 வயதிலேயே கார் பழகலாம். இங்கிலாந்தில் 17 வயது. ஜெர்மனியில் 17 வயதில் லைசென்ஸ் கொடுத்தாலும், 18 ஆகும்வரை அனுபவமுள்ள பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஓட்டலாம். வயது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பெரியவர் துணையோடு பழகணும், பரீட்சை எழுதணும் என்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பெண் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்

பையனுக்கு 14 வயதிலேயே சாவி, பெண்ணுக்கு 20 ஆனாலும் "உனக்கு எதுக்கும்மா?" இது நியாயமா? புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கேலி பேசியவர்களும் உண்டு. ஆனாலும் சந்தைக்கு, வேலைக்கு, தண்ணீருக்கு என்று யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தார்கள். சவூதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடைத்தது 2018 ஜூன் மாதம்தான். நமக்கோ தடை எதுவும் இல்லை. 18 வயது ஆனால் போதும்.

என்ன செய்யணும்?

1. 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். எடுக்கணும். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.
2. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம்.
3. பழகும்போது 'எல்' போர்டு கட்டாயம். லைசென்ஸ் உள்ளவர் சொல்லிக் கொடுக்கணும். தோழியைப் பின்னால் ஏற்றக் கூடாது.
4. பழக்கம் காலி மைதானத்தில். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வேண்டவே வேண்டாம். லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோடு அது.
5. ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இரண்டு பேருக்கும் ஹெல்மெட்.

அதுவரை பிள்ளைகளுக்குப் பள்ளியில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் இருக்கவே இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். வண்டிக் கடன் கேட்கிற உறுப்பினரிடம், "ஓட்டப் போவது யார்? லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டு, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். நம் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்பணும். அதுதான் நமக்கு முக்கியம்.