சொத்து மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கொடுக்குமுன்…

கடைக் கட்டடத்தையோ வீட்டையோ ஈடாகக் காட்டி ஓ.டி. கேட்டால், வங்கி முதலில் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. நம்மவர்கள் அவரை 'இன்ஜினீயர்' என்று சொல்லி, கேட்ட பணத்தைக் கொடுத்து விடுகிறார்கள். அவருக்கு உரிமம் கொடுத்தது யார், பணம் எதற்கு என்று விசாரிப்பவர் குறைவு.

முன்பு 1957ஆம் வருடத்துச் செல்வ வரிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து கொண்டவரே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர். அந்த வரி 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தோடு எடுபட்டுப் போயிற்று. இதற்கிடையே 2013 கம்பெனிகள் சட்டத்தின்கீழ் 2017இல் தனி விதிகள் வந்தன. அதன்படி நிலம், கட்டடம் மதிப்பிட வருபவர் சிவில் போன்ற துறையில் பட்டம் பெற்று 5 வருட அனுபவம் (முதுநிலைப் பட்டம் என்றால் 3 வருடம்) உள்ளவராக இருக்க வேண்டும். 50 மணி நேரப் பயிற்சி முடித்து, தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். பிறகு ரூ.5,000 விண்ணப்பக் கட்டணம் கட்டி, திவால் மற்றும் நொடிப்பு வாரியத்தில் பதிவு பெற வேண்டும். இயந்திரங்களுக்குப் பதிவு பெற்றவர் நிலத்துக்குக் கையெழுத்திட முடியாது. இரண்டும் தனித்தனிப் பிரிவு.

இந்த விதிகள் கம்பெனி, திவால் விவகாரங்களுக்கு வந்தவை. நமது கடைக் கடனுக்கு யாரை ஏற்பது என்பதை வங்கி தன் பட்டியலை வைத்தே தீர்மானிக்கிறது. ஆகவே தெரிந்த இன்ஜினீயரிடம் முன்கூட்டியே அறிக்கை வாங்கிப் போனால் அந்தச் செலவு வீண். பட்டியலில் யார் யார் உள்ளனர், கட்டணம் எவ்வளவு என்று மேலாளரிடம் முதலிலேயே கேட்டு விடுங்கள்.

கட்டணத்துக்கு 2017 விதிகளில் விகிதம் எதுவும் இல்லை. ஆனால் நடத்தை நெறி உண்டு. எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. காரியம் முடிந்தால் இவ்வளவு என்ற பேச்சுக்கும் இடமில்லை. பில் கேளுங்கள். 'மதிப்பைக் கொஞ்சம் ஏற்றிப் போடுகிறேன், தனியாகக் கவனியுங்கள்' என்று எந்த இடைத்தரகர் வந்தாலும் வாசலோடு அனுப்பி விடுங்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 லட்சம் பெறும் சொத்தை 90 லட்சம் என்று எழுதி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வங்கி 60 சதவீதம் கொடுத்தால் 36 லட்சத்துக்குப் பதில் 54 லட்சம் கிடைக்கும். கூடுதல் 18 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி மாதம் ரூ.18,000. மளிகையில் ரூபாய்க்கு நாலு பைசா மிஞ்சுகிறவர், அந்த வட்டிக்காக மட்டும் மாதம் நாலரை லட்சத்துக்குக் கூடுதலாக விற்க வேண்டும். பக்கத்திலேயே பெரிய கடை வந்திருக்கும் நாளில் அது எங்கிருந்து வரும்?

மதிப்பு குறைவாக வந்தால் சண்டைக்குப் போகாமல், அறிக்கையின் நகல் தரும்படி வங்கியில் கேட்டுப் பாருங்கள். சர்வே எண், பரப்பளவு, கட்டடத்தின் வயது மூன்றையும் பத்திரத்தோடும் பட்டாவோடும் ஒத்துப் பாருங்கள். மாடியில் பின்னால் எடுத்த குடோன் அறிக்கையில் விட்டுப் போயிருந்தால், கட்டட அனுமதி நகலோடு எழுத்து மூலம் மறுபரிசீலனை கேட்கலாம். அனுமதி இல்லாத மாடியைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.