கல்யாணம் வரை காத்திருக்கக் கூடாத கோளாறு

மகளின் பிடரி கறுத்துக் கிடக்கிறது. அழுக்கு என்று நினைத்து அம்மா கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறார். தோல் எரிகிறதே தவிர, கறுப்பு போவதில்லை. அது அழுக்கே இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடுவதைத் தோல் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது. அதோடு மாதவிலக்கும் தள்ளிப்போனால், தாடையில் முடி முளைத்தால், பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பிசிஓடி, நீர்க்கட்டி என்றும் சொல்லப்படும் இந்தக் கோளாறு சுமார் பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை அது தெரியாமலே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவர்களில் பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதனால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண்பால் ஹார்மோனைக் கூட்டுகிறது. பருவும் முகத்து முடியும் அதனால்தான். கருமுட்டைப் பைகளும் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் தெரிபவை இந்தச் சிறு பைகள்தான். வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும்.

ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. சீரற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜன் மிகுதி, சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு போன்ற வேறு காரணம் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண்களுக்கு முதல் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்; அவர்களுக்கு இதற்காக ஸ்கேன் தேவையில்லை. வயதுக்கு வந்த முதல் வருடம் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. மூன்று ஆண்டுக்குப் பிறகும் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போனால், வருடத்துக்கு 8 முறைகூட வராவிட்டால், மருத்துவரைப் பாருங்கள்.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்ற பேச்சுதான் அதிகம் கெடுக்கிறது. இது குழந்தைப்பேறு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு எல்லாம் இவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. மாதக்கணக்கில் உதிரம் போகாமல் இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தாலும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. கட்டுக்குள் வைக்க நன்றாகவே முடியும். உடற்பயிற்சி எல்லோருக்கும் உதவும். எடை கூடியவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதினால் பெற்றோர் பதறுகிறார்கள். உதிரப்போக்கைச் சீராக்கவும் கருப்பையைக் காக்கவுமே அது தரப்படுகிறது. பின்னாளில் பிள்ளை பிறப்பதை அது தடுக்காது. ஆனால் ரத்த அழுத்தம், ரத்த உறைவு, கடும் ஒற்றைத் தலைவலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தை வேண்டுவோருக்குக் கருமுட்டை வெளிவர லெட்ரோசோல் முதல் மருந்தாகத் தரப்படுகிறது. பலர் மருந்தில்லாமலே கருத்தரிக்கிறார்கள்.

'நீர்க்கட்டி 30 நாளில் கரையும்' என்று பொடி விற்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள். மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏமாந்திருந்தால் ரசீதோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பெற்றோரே, மாப்பிள்ளை பார்க்கும் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். மகளின் மாதவிலக்குத் தேதிகளைக் குறித்துவைத்து, அந்தக் குறிப்போடு இந்த மாதமே அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.