பூ மூட்டையுடன் போன சொந்தக் கார்... விபத்தானால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

திருச்சி மாவட்டம் எட்டரை, கோப்பு, போசம்பட்டிப் பக்கம் விடிவதற்கு முன்பே மல்லிகை பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். பறித்த பூ வெயில் ஏறுவதற்குள் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு மூட்டைக்காக லோடு ஆட்டோ பிடித்தால் வாடகைக்கே பாதி போய்விடும். அதனால் வீட்டில் நிற்கும் பழைய ஆம்னியின் பின் சீட்டை மடக்கி, மூட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. காந்தி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காயும் வாழைத்தாரும் இப்படிப் போவதுண்டு.

அப்படி ஒரு ஆம்னி, குழுமணி சாலையில் கன்றுக்குட்டி குறுக்கே வந்ததால் ஒடித்துத் திருப்பப்பட்டு, புளியமரத்தில் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குக் காயமில்லை. முன்பக்கம் நசுங்கிவிட்டது. கூடிய கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "மூட்டைய வேற வண்டியில மாத்திடுங்கண்ணே. கல்யாணத்துக்குப் போனதா சொல்லிக்கலாம்." ஓட்டியது லைசென்ஸ் இல்லாத மகன் என்றால், "அப்பா ஓட்டுனதா சொல்லிடுங்க" என்று இன்னொரு யோசனையும் வரும். கிடைக்க வேண்டிய பணத்தைக் கெடுப்பவை இந்த இரண்டு யோசனைகள்தான்.

மூட்டை ஏன் பிரச்னை?

சொந்தக் காருக்கான பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி உண்டு. வாடகைக்கு ஓட்டக் கூடாது, பயணியின் சொந்த உடைமைகளும் வியாபார மாதிரிகளும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்று அதில் இருக்கும். சந்தைக்குப் போகும் மல்லிகை மூட்டை சரக்குதான். பக்கத்துத் தோட்டக்காரரின் மூட்டையையும் ஏற்றி அவரிடம் காசு வாங்கினால் அது வாடகைக் கணக்கிலும் வந்துவிடும்.

ஆனால், நிபந்தனையை மீறியதாலேயே மொத்தப் பணமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சொந்த உபயோகத்துக்கான பாலிசி உள்ள வண்டியை வாடகைக்கு ஓட்டியதாக எழுந்த வழக்கில், கோரிக்கையை முழுவதுமாக நிராகரிப்பது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. பயன்பாட்டு வரம்பு மீறல் உட்பட்ட நிபந்தனை மீறல்களில், கொடுக்கத்தக்க தொகையில் 75 சதவிகிதம் வரை கொடுக்கலாம் என்ற வழிமுறையை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. இதை 'நான்-ஸ்டாண்டர்ட் செட்டில்மென்ட்' என்பார்கள். கம்பெனி தானாக முன்வந்து தராமல் போகலாம். கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

உண்மையைச் சொன்னவருக்குத்தான் இந்த வழி. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், உண்மையை மறைத்தார் என்று கம்பெனிக்குப் புதுக் காரணம் கிடைத்துவிடும். மாட்டாமல் இருப்பதும் எளிதல்ல. சீட்டுக்கடியில் கிடக்கும் நாலு மொட்டு போதும் சர்வேயருக்கு. காயம்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால், யார் ஓட்டியது என்பது விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கும்.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் நிலைமை வேறு. காரின் சேதத்துக்குப் பணம் எதிர்பார்க்க முடியாது. எதிரில் வந்தவர் அடிபட்டிருந்தால், கம்பெனி அவருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடக்கூடும். லட்சக்கணக்கில் வந்தால் அரை ஏக்கர் நிலம் போகும். மகனுக்குச் சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

முதல் சில மணி நேரம்

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108. மற்றதெல்லாம் பிறகு. அடுத்து, வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும்: நம்பர் பிளேட், மரம், சாலை, உள்ளே இருந்த மூட்டையும்கூட. அதன் பிறகு பூவை வேறு வண்டியில் தாராளமாக அனுப்பலாம். பூ அங்கேயே வாட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அன்றே கம்பெனிக்குப் போன் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தவருக்குக் காயமோ சேதமோ இருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்கும் தகவல் போக வேண்டும். இங்கேதான் ஊர்ப் பஞ்சாயத்துப் பழக்கம் தடையாகிறது. "தப்பு என்னுதுதான், இந்தாங்க அஞ்சாயிரம்" என்று சாலையோரத்திலேயே முடிப்பது மனிதாபிமானமாகத் தெரியும். ஆனால், கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்வதும், பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதும் பாலிசி நிபந்தனைக்கு எதிரானது.

நசுங்கிய வண்டியை அப்படியே ஓட்டிப் போகவும் கூடாது. அதனால் இன்ஜினுக்கு ஏற்படும் கூடுதல் சேதம் உரிமையாளர் தலையில் விழும். வண்டியை இழுத்துப் போகும் செலவுக்கு வழக்கமான கார் பாலிசியில் 1,500 ரூபாய் வரை உண்டு. சர்வேயர் பார்க்கும் முன் பட்டறைக்காரர் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும்.

கைக்கு எவ்வளவு வரும்?

'தேர்டு பார்ட்டி' பாலிசி மட்டும் இருந்தால் சொந்த வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. பழைய வண்டிதானே என்று பலரும் இதைத்தான் போட்டு வைத்திருப்பார்கள். பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பார்ப்பது நல்லது.

முழு பாலிசியிலும் தேய்மானம் கழிப்பார்கள். எட்டு வருட ஆம்னிக்கு 40,000 ரூபாய் பில் என்று கொள்வோம். உலோகப் பாகங்கள் 20,000. ஐந்து முதல் பத்து வயது வண்டிக்கு 40 சதவிகிதம் போக 12,000. பிளாஸ்டிக், ரப்பர் 6,000. பாதி போக 3,000. கண்ணாடி 4,000, கூலி 10,000; இரண்டுக்கும் கழிவில்லை. மொத்தம் 29,000. இதில் கட்டாயப் பிடித்தம் 1,000 போக 28,000 ரூபாய். பூ மூட்டைக்காக 75 சதவிகிதக் கணக்குக்கு வந்தால் 21,000. கல்யாணக் கதை சொல்லி மாட்டினால் மொத்தமும் போகலாம்.

சேதம் இரண்டாயிரம், மூவாயிரம்தான் என்றால் கோராமலே விடலாம். ஐந்து வருடம் கோராமல் இருந்து சேர்த்த 50 சதவிகித போனஸ் தள்ளுபடி ஒரே கோரிக்கையில் போய்விடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்.சி. பெயர் மாறினால் போதாது. 14 நாளுக்குள் பாலிசியையும் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால் சொந்த சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

நிராகரித்துவிட்டால்?

காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அதற்கு இரண்டு வருட அவகாசம்.

வாரத்தில் நாலு நாள் சந்தைக்குப் போகிற ஆம்னி என்றால், அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும் முன் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நாலைந்து பூ விவசாயிகள் சேர்ந்து தினமும் ஒரே லோடு ஆட்டோவில் மூட்டைகளை அனுப்பினால், ஆளுக்கு என்ன வாடகை விழும் என்ற கணக்கு அது.