பப்பாளியின் மேல் பழி வேண்டாம்

சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டிலோ பக்கத்து ஹோம்புஷிலோ ஒரு தமிழ் வீட்டில் எட்டாம் வாரத்தில் கரு கலைந்தால், முதல் விசாரணை சாப்பாட்டைப் பற்றித்தான் வரும். பப்பாளி தின்றாயா, அன்னாசி தின்றாயா, வேலையில் பாரம் தூக்கினாயா, ரயிலைப் பிடிக்கப் படியேறி ஓடினாயா? யாழ்ப்பாணத்திலிருந்தும் கோவையிலிருந்தும் தொலைபேசியில் பெரியவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். கேட்கப்படுகிறவளுக்கோ அது குற்றப்பத்திரிகையாகவே விழுகிறது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதியில் குரோமோசோம்களின் எண்ணிக்கையோ அமைப்போ தவறியிருக்கிறது. அந்தத் தவறு பெரும்பாலும் கரு உருவாகும் முன்பே முட்டையில் நேர்ந்துவிடுகிறது. எந்தப் பழமும் ஒரு குரோமோசோமைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இதை நம் வீடுகளில் உரக்கச் சொல்ல வேண்டும்.

இலங்கைப் பாடநூல்கள் நிறமூர்த்தம் என்று சொல்லும் குரோமோசோம்கள், மரபணுக்களைச் சுமக்கும் இழைகள். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23, மொத்தம் 46. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் உலகம் 48 என்றே நம்பியிருந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் சரியாக எண்ணி 1956-ல் வெளியிட்ட பிறகே 46 என்று உறுதியானது. சரியான எண் தெரிந்ததும் தவறான எண்களும் தெரியவந்தன. 1959-ல் பாரிஸ் குழு ஒன்று டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் செல்களில் 47 இருப்பதை அறிவித்தது. செல் வளர்க்கும் முறையை அந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த மார்த் கோத்தியேயின் பெயர் பல பத்தாண்டுகள் அந்தக் குழுவின் ஜெரோம் லெஜூனின் பெயருக்குப் பின்னால் மறைந்து கிடந்தது.

எண்ணிக்கை எங்கே பிசகுகிறது? ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிரிவதற்காக ஜோடி சேர்ந்த குரோமோசோம்கள் அந்த நிலையிலேயே பாதியில் நின்று, 20, 30, 40 ஆண்டுகள் காத்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹீசின் என்ற புரதம் இந்த நீண்ட காத்திருப்பில் தளர்கிறது. முட்டை முதிரும் நேரத்தில் ஒரு ஜோடி சரியாகப் பிரியாமல் போனால், கருவில் ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும். அதனால்தான் டவுன் சிண்ட்ரோமின் வாய்ப்பு 25 வயதுத் தாய்க்கு 1,250-ல் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று என்ற அளவில் ஏறுகிறது. இதை வைத்துத் தாமதமாகத் தாயாகும் பெண்ணைச் சாடுவதற்கு இடமில்லை. இளம் தாய்மாருக்கும் இது நேர்கிறது, சில வேளை தவறு தந்தையின் விந்தணுவிலும் இருக்கிறது.

பிழைப்பதும் பிழைக்காததும் எதைப் பொறுத்தது? பெரும்பாலும் மரபணுக்களின் அளவைப் பொறுத்தது. ஒரு குரோமோசோம் கூடினால் அதில் உள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்களும் ஒன்றரை மடங்கு வேலை செய்யத் தொடங்கும். முதலாம் குரோமோசோமில் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 2,000. அது மூன்றானால் கரு தொடக்கத்திலேயே நின்றுவிடும். கலைந்த கருக்களில் மிக அதிகமாகக் காணப்படுவது 16-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது. எல்லாச் செல்லிலும் அப்படி இருந்தால் அந்தக் கரு பிறக்கும்வரை நிலைப்பதில்லை. பாலினக் குரோமோசோம்களை விட்டால் 13, 18, 21 ஆகிய மூன்றில்தான் மரபணுக்கள் மிகக் குறைவு, எனவே மற்றவற்றில் இவை கூடினால் மட்டும் குழந்தை பிறந்து வாழ வாய்ப்புண்டு. அதிலும் 13, 18 கூடிய குழந்தைகளில் பத்தில் ஒன்று அளவே முதல் பிறந்தநாளைக் காண்கிறது. இந்த மூன்றிலும் 21-இல்தான் மரபணுக்கள் மிகக் குறைவு. 21 கூடுவதால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் நம்மோடு வாழ்வதற்கு இதுவே காரணம். பாலினக் குரோமோசோம்களில் உடல் இன்னும் பொறுத்துப் போகிறது. கூடுதல் எக்ஸ் இருந்தால் செல் அதைப் பெருமளவு அணைத்துவைக்கிறது. இதை 1961-ல் முன்வைத்தவர் மேரி லயன். அதனால் எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்களில் பலர் குழந்தை பிறக்காததற்காக மருத்துவரைப் பார்க்கும்வரை தங்களுக்கு 47 என்று அறிவதே இல்லை.

எண்ணே எல்லாம் என்றால் 45 குரோமோசோம் உள்ள ஒருவர் நோயாளியாக இருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு 45 ஆகிவிடுகிறது, அவர்கள் மரபணு அளவில் குறையில்லாமல் நலமாக வாழ்கிறார்கள். அவர்களுக்கு மீண்டும் மீண்டும் கரு கலையக்கூடும், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையும் பிறக்கக்கூடும். தொடர்ந்து கலைகிறது என்றால் கணவன் மனைவி இருவரின் இரத்தத்திலும் குரோமோசோம் பார்க்கச் சொல்லுங்கள். மனைவியை மட்டும் பரிசோதிப்பது பாதி வேலைதான்.

முழுத் தொகுதியே கூடுவதும் உண்டு. ஒரு முட்டையில் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் 69 குரோமோசோம்கள் சேரும், அந்தக் கரு நிலைப்பது அரிது. இந்த இடத்தில் ஆஸ்திரேலியா மருத்துவ வரலாற்றில் ஒரு வியப்பைச் சேர்த்தது. 2014-ல் பிரிஸ்பேனில் ஒரு தாயின் ஆறாம் வார ஸ்கேன் ஒரே நஞ்சுக்கொடியைக் காட்டியது. ஒரே உருவ இரட்டையர் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். பதினான்காம் வாரத்தில் பார்த்தால் ஒன்று ஆண், ஒன்று பெண்! மூன்று தொகுதிகளும் கலந்து நின்ற அந்தக் கரு, செல்கள் பிரியும்போது மீண்டும் இரண்டு இரண்டாகத் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டு பிள்ளைகளாகியிருந்தது. தாய்வழியில் இருவரும் முழுதும் ஒன்று, தந்தைவழியில் 78 சதவீதம் ஒன்று. மருத்துவர்கள் மைக்கேல் கேபெட்டும் நிக்கோலஸ் ஃபிஸ்கும் இதை 2019 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகில் இத்தகைய இரட்டையரில் இது இரண்டாவது சான்று, வயிற்றில் இருக்கும்போதே கண்டறிந்ததில் முதலாவது.

இனி சிட்னித் தமிழ்ப் பெண் உண்மையில் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். பத்தாம் வாரத்துக்குப் பிறகு என்.ஐ.பி.டி. என்ற இரத்தப் பரிசோதனை பேச்சுக்கு வரும். மெடிகேர் இதற்குப் பணம் தருவதில்லை. ஏறத்தாழ 400 முதல் 500 டாலர் கைக்காசு. தாயின் இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளை எண்ணி, 21-இன் துணுக்குகள் மிகுந்திருக்கின்றனவா என்று இது பார்க்கிறது. அவற்றில் கர்ப்பத்தைச் சேர்ந்த துணுக்குகள் வருவது குழந்தையிடமிருந்து அல்ல, நஞ்சுக்கொடியிலிருந்து. நஞ்சுக்கொடியில் பிசகு இருந்து குழந்தை நலமாக இருப்பதும் உண்டு. மெல்பர்னின் மார்க் பெர்டைல் முதலியோர் ஏறத்தாழ 90,000 மாதிரிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு, அரிய குரோமோசோம் மிகைகள் இப்படித் தெரிவதையும், அவற்றில் சில கர்ப்பத்துக்கு ஆபத்தின் அறிகுறியாக இருப்பதையும் காட்டியது. எனவே "அதிக வாய்ப்பு" என்று வந்தால் அது தீர்ப்பு ஆகாது. பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்து உறுதி செய்த பிறகே எந்த முடிவும் எடுக்கலாம். அந்த உரையாடலுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், தயங்காமல் கேளுங்கள். மாமியாரோ கணவரோ மொழிபெயர்க்கும்போது அவர்களின் அச்சமும் சேர்ந்தே மொழிபெயர்கிறது.

டவுன் சிண்ட்ரோம் என்று உறுதியானால், தம்பதி எந்த முடிவை எடுத்தாலும், பழைய படத்தை வைத்து எடுக்கக் கூடாது. 1929-ல் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் சராசரி ஆயுள் 9 ஆண்டு என்று கணக்கிட்டார்கள். 2002-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது 58.6. இடையில் அந்தக் குரோமோசோம் மாறவில்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருக்கும் இதயக் கோளாறை அறுவை சிகிச்சை சரிசெய்தது, காப்பகத்தில் அடைக்காமல் வீட்டில் வளர்த்தார்கள், பள்ளிக்கு அனுப்பினார்கள். சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் தன் மகளுக்காக 1980-களில் தொடங்கிய முயற்சி இன்று இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பாக இயங்குகிறது. ஒரு தாயின் பிடிவாதம் எத்தனையோ வீடுகளுக்கு வழியானது. நீண்ட ஆயுளோடு புதிய சுமையும் வந்திருக்கிறது. அல்சைமர் நோயோடு தொடர்புள்ள ஏ.பி.பி. மரபணு 21-இல்தான் இருக்கிறது, நாற்பது வயதுக்குள் மூளையில் அதன் படிவுகள் தொடங்கிவிடுகின்றன. அப்போது பெற்றோர் எழுபதை நெருங்கியிருப்பார்கள்.

2013-ல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளர் காப்பீட்டுத் திட்டம், என்.டி.ஐ.எஸ்., இத்தகைய குடும்பங்களுக்குப் பெரும் துணை. ஆனால் தற்காலிக விசாவில் இங்கே வேலை செய்யும் தமிழ்க் குடும்பத்துக்கு அது கிடையாது. அதைவிடக் கொடுமை, நிரந்தர விசா கேட்கும்போது குழந்தையின் மருத்துவச் செலவைக் கணக்கிட்டுச் சில வேளை முழுக் குடும்பத்துக்கும் விசா மறுக்க முடியும் என்பது. 1992-ன் மாற்றுத்திறனாளர் பாகுபாட்டுத் தடைச் சட்டம் குடிவரவுச் சட்டத்துக்கு விலக்கு அளித்திருப்பதால் இது சட்டப்படி செல்லுகிறது. அந்த விலக்கை நீக்கச் சொல்லி இந்த நாட்டில் மாற்றுத்திறனாளர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கின்றன. நம் சங்கங்களும் அந்தக் குரலோடு சேர வேண்டும்.